மிஸ்ஸியின் கறுப்பு உடுப்பு

சேலை கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டலாம் என்று எந்த மகராசன் நினைத்தானோ, அவனை ஒரு மழைநாளில் மஸ்கெலியாவிலிருந்து மூங்கிலோயாத் தோட்டம் வரை அப்படி ஓட்டவிட்டுப் பார்க்க வேண்டும். காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு எந்த உடுப்பும் ஒன்றுதான். மழையும் அட்டையும் சேறும் அவர்களைத் தொடுவதில்லை. ஜெயந்தினியைத் தொட்டன.

அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அவள்தான் மருத்துவிச்சி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் ஜனங்களுக்கு அவள் 'மிஸ்ஸி'. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது, பிறந்த பிள்ளையை நிறுப்பது, ஊசிக்கு வராதவர்களை விரட்டிப் பிடிப்பது என்று அவள் வேலை முழுக்க மேட்டிலும் பள்ளத்திலும்தான். ஸ்கூட்டர் அந்தப் பாதைக்குத் தாங்காது என்று புருஷனுடைய பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். வெள்ளைச் சீருடைச் சேலையைத் தொடைவரை சுருட்டி, உள்ளே ஒரு கால்சட்டை போட்டு, முந்தானையைக் குண்டூசியால் குத்திக்கொண்டு ஓட்டுவாள். போன வருஷத்து மழையில் அந்தக் குண்டூசி கழன்றது. முந்தானை பின்சக்கரத்துக்குள் போனது. கம்பிகள் அதைச் சுருட்டிச் சுருட்டி இழுக்க, அவள் பின்பக்கமாகச் சரிந்து, தேயிலைக்கு நடுவிலிருந்த தண்ணீர்க் கானுக்குள் விழுந்தாள். சேலை நைந்ததாக இருந்தபடியால் கிழிந்தது. புதுச் சேலை என்றால் கழுத்துத்தான் போயிருக்கும்.

அதற்குப் பிறகுதான் மஸ்கெலியா பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் மரியநாயகியிடம் போனாள். மரியநாயகியும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவள். கடைக்குச் சாமான் எடுக்க ஹட்டனுக்கு அதில்தான் போவாள். நனைந்தும் விழுந்தும் எழும்பியவள் என்பதால் வண்டி ஓட்டும் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆம்பிளைகளின் மழை உடுப்பு ஒன்றை வாங்கிப் பிரித்து, ஜெயந்தினிக்கு ஏற்றமாதிரித் தைத்துக்கொடுத்தாள். சுருட்டிய சேலை அடங்கும்படி தொடைப்பக்கம் அகலம். கணுக்காலிலும் மணிக்கட்டிலும் அட்டை நுழையாதபடி இறுக்கமான ரப்பர். முழங்காலில் பஞ்சு வைத்த தட்டு. பிள்ளை நிறுக்கும் தராசும் மற்றச் சாமான்களும் வைக்கும் பை முதுகில் இருந்தால் மேட்டில் பின்னுக்கு இழுக்கிறது என்று ஜெயந்தினி சொன்னதால், அதை நெஞ்சில் கட்டும்படி வார் மாற்றினாள்.

சட்டையில்தான் மரியநாயகி தன் மூளையைக் காட்டினாள். மலைநாட்டில் வண்டி ஓட்டும் இளந்தாரிகள் குளிருக்குச் சட்டையை முன்பின்னாக மாற்றிப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். திறப்பு முதுகுப்பக்கம் போய்விடும். நெஞ்சில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதையே அளவெடுத்து, பைக்கு மேலாகவும் போடும்படி, முதுகே முன்னால் வருகிற ஒரு சட்டையாகத் தைத்தாள். பனிமூட்டத்தில் எதிரே வரும் பஸ்காரனுக்குத் தெரியட்டும் என்று, வெளிச்சம் பட்டால் மின்னும் துணியில் இரண்டு வட்டம் வெட்டி முன்பக்கத்தில் வைத்தாள். கடையில் கறுப்புச் சீலைதான் இருந்தது. சேறு தெரியாது, அதுவே நல்லது என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். மூக்குவரை இழுத்துவிடும் கழுத்துத் துணியும் கையுறையும் தலைக்கவசமும் கறுப்புத்தான்.

அதைப் போட்டுக்கொண்டு ஓட்டிய முதல் நாள் ஜெயந்தினிக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் நனைந்ததெல்லாம் எதற்கு என்று இருந்தது. உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், எதுவும் எங்கும் பறக்காமல், கால்களை வண்டிக்கு இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு போவது எவ்வளவு பெரிய சுகம் என்பது அதை அனுபவிக்காதவர்களுக்குத் தெரியாது.

அந்தச் சுகத்துக்கும் கண் பட்டது. கிளினிக் வாசலில் அவளை அந்தக் கோலத்தில் பார்த்த மேற்பார்வை அம்மா, இது தீயணைக்கிற படையா, தாய்மாரைப் பார்க்கிற வேலையா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஜனங்கள் மதிக்கிற உடுப்பு சேலைதான், இனி இப்படி ஒரு தாயின் முன்னாலும் நிற்கக் கூடாது, மீறினால் மேலே எழுதுவேன் என்றார். ஜெயந்தினி தலையை ஆட்டினாள். ஆனால் உடுப்பை விடவில்லை. தாய்மார் கண்ணில் படாமல் போடுவது, படாமல் கழற்றுவது என்று வைத்துக்கொண்டாள்.

மற்றத் தோட்டங்களில் அது பெரிய காரியமில்லை. வண்டியை நிறுத்தும் இடத்திலேயே ஏதாவது ஒரு கூரை இருக்கும். மூங்கிலோயா மேல் டிவிசனில்தான் வண்டி லயம்வரை போகாது. பாதை கரைந்துபோன வளைவில் நிறுத்திவிட்டு, தேயிலைக்கு நடுவால் ஒற்றையடிப் பாதையில் ஏற வேண்டும். மழையென்றால் அட்டை கூட்டமாக நிற்கும். ஆகவே உடுப்போடேயே ஏறி, லயத்துக்குப் பின்னால் பாழாய்க் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவுக்குள் நுழைவாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன இடம் அது. புதியது கட்டியபின் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே எல்லாவற்றையும் கழற்றி, சேலையை இறக்கி மடிப்பு எடுத்து, மடக்குக் குடையை விரித்துக்கொண்டு மறுபக்க வாசலால் லயத்துக்குப் போவாள். மிஸ்ஸிக்கு மட்டும் மழை படாது போல என்று பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அவளும் சிரிப்பாள்.

பேச்சை முதலில் எடுத்தவள் காளியாயி. அவளுடைய மருமகள் பூரணிக்கு அது தலைப்பிள்ளை. ஏழாம் மாதம் பார்க்கப் போன ஜெயந்தினிக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, பிள்ளைக்காம்பராப் பக்கம் ஏதோ நடமாடுகிறது என்றாள். விறகுக்குப் போன ஒருத்தி கண்டாளாம். மனுஷ உருவம்தான், ஆனால் மனுஷன் இல்லை. கூன் முதுகில் இல்லை, நெஞ்சில். முகம் இருக்கிற இடத்தில் கறுப்பு. நம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே நம்மைப் பார்த்து நடந்து வருகிறது. காம்பராவுக்குள் போனது, திரும்பி வரவே இல்லை.

ஜெயந்தினி சிரித்தாள். பனியில் மரக்கட்டையைக்கூட மாடென்று நினைக்கத் தோன்றும் என்று சொல்லிவிட்டு, பூரணியின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு மெய்யாகவே ஒன்றும் தோன்றவில்லை. நம்மைப் பற்றி யாராவது வர்ணித்தால் அது நாம்தான் என்று நமக்குத் தெரியவா போகிறது?

அடுத்த கிளினிக்கில் வேறொருத்தி சொன்னாள். அவளுடைய புருஷன் டோர்ச் அடித்துப் பார்த்திருக்கிறான்.

"வயித்துல ரெண்டு கண்ணு மிஸ்ஸி. வெளிச்சம் பட்டதும் பளிச்சின்னு தொறந்துச்சாம்."

ஊசியை வைத்திருந்த ஜெயந்தினியின் கை நின்றது. மரியநாயகி வெட்டி வைத்த இரண்டு வட்டமும் நினைவுக்கு வந்தன. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் பிள்ளையின் தொடையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். 'அடி போடி, அது நான்தான், மழைக்கு உடுப்புப் போட்டுக்கொண்டு வந்தேன்' என்றால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு பின்னேரத்துக்குள் மேற்பார்வை அம்மாவின் காதுக்குப் போயிருக்கும். பிறகு அதே நைந்த சேலை, அதே குண்டூசி. சக்கரத்துக்குள் இழுபட்ட அந்தக் கணம் இன்னும் அவள் கழுத்தில் இருந்தது. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் அதைப் போடாமல் விட்டால் பேச்சு தானே அடங்கும் என்று கணக்குப் போட்டாள்.

பேச்சு அடங்கவில்லை, வளர்ந்தது. அவள் உடுப்பைத் தொடாத நாட்களிலும் அது கோயில் மேட்டில் தெரிந்தது, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தெரிந்தது, அவள் போகவே போகாத பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒருத்தியின் கூந்தலைப் பிடித்து இழுத்தது. கேட்கக் கேட்க ஜெயந்தினிக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அப்படியானால் அது நானில்லை, வேறு ஏதோ இருக்கிறது, இல்லாவிட்டால் இவர்களுடைய பயமே உண்டாக்கிக்கொள்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கெட்டிக்காரி. நாம் கேட்க விரும்புவதைத்தான் நம் காதில் ஓதும். மழை வலுத்த ஒரு நாள் மறுபடியும் உடுப்பைப் போட்டாள். பிறகு விடவில்லை.

மேல் டிவிசன் வேறு ஊராகிக்கொண்டிருந்தது. பல வருஷத்துக்கு முன்னால் மலைநாட்டையே ஆட்டிவைத்த, பெண்களைத் தாக்கிவிட்டு இருட்டில் மறையும் மர்ம மனிதன் கதையைப் பெரியவர்கள் தூசி தட்டி எடுத்தார்கள். தூரத்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகப் பெண்கள் மறுத்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் ஒரு பொல்லுத்தடி நின்றது. ஆண்கள் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். தகரத்தைத் தட்டினால் எல்லாரும் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. கோயில் முன்னால் கூட்டம் போட்டு, கையில் கிடைத்தால் பொலிசுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதை முன்னால் நின்று சொன்னவன் சிவசாமி, பூரணியின் புருஷன். வாய் அதிராத, யாரோடும் வம்புக்குப் போகாத பிள்ளை. அவன்தான் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். பெஞ்சாதி பிள்ளைத்தாய்ச்சி, எனக்குத்தான் பயம் அதிகம் என்றான்.

கத்தியை ஜெயந்தினி பார்த்தாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இப்போது சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பது தெரிந்தது. இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு எங்கள் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாயே என்று கேட்பார்கள். நாள் தள்ளிப்போகப் போக, சொல்வது மேலும் மேலும் முடியாத காரியமாகிக்கொண்டு வந்தது.

பூரணி கிளினிக்குக்கு வருவதை நிறுத்தினாள். வெளியே இறங்கப் பயமாம். எட்டாம் மாதம் முடிகிற நேரம், கால் வீக்கம் வேறு. ஆகவே ஒரு மத்தியானம் ஜெயந்தினியே கிளம்பினாள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. வளைவுக்குக் கொஞ்சம் மேலே மண் சரிந்து வழக்கமான ஒற்றையடிப் பாதை மூடிக் கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, சரிவைச் சுற்றித் தேயிலைக்குள்ளால் ஏறினாள். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. மேலிருந்து கல் உருளும் இடத்தில் யார் கழற்றுவார்கள்? பனி இறங்கிவிட்டிருந்தது. பத்து எட்டுக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. பிள்ளைக்காம்பரா இடதுபக்கம் வரும் என்று நினைத்தாள். அது வலதுபக்கம் இருந்திருக்கிறது. அவள் வந்து நின்றது பூரணியின் குசினிக்குப் பின்னால்.

கதவு திறந்தது. குடத்தோடு பூரணி நின்றாள்.

இரண்டு பேருக்கும் நடுவில் நாலு எட்டுக்கூட இல்லை. பூரணியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. குடம் விழுந்தது. ஜெயந்தினி கையை நீட்டி, 'பயப்படாத, நான்தான்' என்றாள். கழுத்துத் துணிக்கும் தலைக்கவசத்துக்கும் உள்ளே அது ஒரு உறுமலாகத்தான் வெளியே போயிருக்கும். கறுப்புக் கை தன்னை நோக்கி நீளுவதைப் பார்த்த பூரணிக்கு அப்போதுதான் குரல் வந்தது. திரும்பி ஓடினாள். பக்கவாட்டுப் படியில் பாசி. வயிற்றோடு விழுந்து கடைசிப் படிவரை சறுக்கினாள்.

ஜெயந்தினி அவளிடம் ஓடினாள். பூரணி அதைக் கண்டு, எழும்ப முடியாமல், முழங்காலால் ஊர்ந்து சேற்றுக்குள் விலகினாள். இன்னும் ஒரு அடி வைத்தால் அந்தப் பெண் மண்ணைக் கீறிக்கொண்டு பள்ளத்துக்குள்ளேயே விழுந்துவிடுவாள் போலிருந்தது.

இந்த இடத்தில் அவள் செய்ததைச் சரியென்றும் சொல்லலாம், பாவமென்றும் சொல்லலாம். தலைக்கவசத்தை அங்கேயே கழற்றி முகத்தைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. திரும்பி பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினாள். உடுப்பைப் பிய்த்துப் போட்டாள், சேலையை இறக்கினாள், சாமான் பையைத் தோளில் மாட்டினாள், மறுபக்க வாசலால் வெள்ளையாக ஓடிவந்தாள். அதற்குள் யாரோ தகரத்தைத் தட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பூரணி அவளைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினாள். மிஸ்ஸி வந்துட்டாங்க, மிஸ்ஸி வந்துட்டாங்க என்று குழந்தை மாதிரி அழுதாள். ஜெயந்தினி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பூரணி அவள் இடுப்பைச் சேலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, அது தன்னை எப்படிப் பார்த்தது, எப்படிக் கையை நீட்டியது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெயந்தினியின் விரல்கள் கையுறைக்குள் இருந்த வெதுவெதுப்பு ஆறாமல் இன்னும் சூடாகவே இருந்தன. உங்கள் கை எவ்வளவு சூடாக இருக்கிறது மிஸ்ஸி என்றாள் பூரணி.

தூக்கி உள்ளே கிடத்தினார்கள். இலேசாக இரத்தம் பட்டிருந்தது. குழலை வயிற்றில் வைத்துக் காதைப் பொருத்தினாள். பிள்ளையின் துடிப்பு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய வேகத்தில் இல்லை. தளர்ந்து, நடுவில் நின்று யோசித்துவிட்டு மறுபடி தொடங்குவதாக இருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தோட்டத்து லொறியை மண்சரிவுவரை வரச்சொல்லுங்கள் என்றாள். ஒருவன் ஓடினான். காளியாயி மருமகளின் காலைத் தேய்த்துக்கொண்டே, நீங்கள் மட்டும் அந்த நேரம் வராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று மிஸ்ஸியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அப்போது வெளியே கூச்சல் கேட்டது. பிடித்துவிட்டார்கள்.

ஜெயந்தினி வாசலுக்கு வந்து பார்த்தாள். பீலிக்குப் பக்கத்திலிருந்த தூணில் ஒரு மனிதனைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி. கீழ் டிவிசன்காரன், மாட்டுக்குப் புல் அறுக்க எங்கெல்லாமோ அலைகிறவன், காது மந்தம். மழைக்குக் கறுப்புப் பொலித்தீனைத் தலையிலிருந்து முதுகுவரை கொங்காணியாகப் போட்டிருந்தான். அறுத்த புல்லை நெஞ்சோடு கட்டியிருந்தான். பனிக்குள் நில் என்று கத்தியபோது நிற்கவில்லை. அவனுக்குக் கேட்டிருக்காது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். காதோரம் இரத்தம் வடிய, என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமல் எல்லார் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவசாமி வாசலுக்கு வந்தான். மழையில் முகம் வெளிறிப்போயிருந்தது.

"பிள்ளைக்கு எப்படி மிஸ்ஸி? உள்ளதச் சொல்லுங்க."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மாயாண்டி வெறும் அடியோடு தப்பலாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவளும் அவள்தான். லொறிக்கு ஆள் போயாகிவிட்டது. அவள் பதில் தேடிய அந்தக் கொஞ்ச நேரமே சிவசாமிக்குப் பதிலாகப் பட்டது. இடுப்பிலிருந்து கத்தியை உருவினான்.

"அவரு இல்ல சிவசாமி. அது நான். பிள்ளைக்காம்பராவுல உடுப்பு மாத்துறது நான்தான். பூரணி கண்டதும் என்னயத்தான்."

ஒரு கிழவி பெருமூச்சு விட்டாள். மிஸ்ஸிக்கு இரக்க மனசு, அவனைக் காப்பாற்ற இல்லாததைச் சொல்கிறார் என்றாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். மிஸ்ஸி எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரத்தில்தானே கோயில் மேட்டில் அதைக் கண்டோம் என்று ஒருவன் சாட்சியும் சொன்னான். சிவசாமி அவள் முகத்தைப் பார்க்காமல், மரியாதையாகவே சொன்னான்.

"உள்ள போங்க மிஸ்ஸி. நீங்க இதப் பாக்க வேணாம்."

வாயால் சொல்லி ஆகாது என்று அவளுக்கு விளங்கியது. தூணில் முதல் பொல்லு இறங்கிய சத்தம் கேட்டபோது அவள் ஓடிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்காம்பராவின் ஈரத் தரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கினாள். சேலையைச் சுருட்டிச் செருகினாள். கால்சட்டையை ஏற்றினாள். பையை நெஞ்சில் மாட்டி, அதற்கு மேல் சட்டையை முதுகு முன்னால் வரப் போட்டு, கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்தாள். தலைக்கவசத்தை மாட்டிக் கொக்கியை அழுத்தினாள். எதையும் விடக் கூடாது, ஒன்று குறைந்தாலும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் மனசில் இருந்தது. கையுறையையும் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கினாள்.

முதலில் கண்டவள் ஒரு பெண். அவள் கத்தவில்லை, கையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பிறகு கூட்டமே நகர்ந்தது. இத்தனை நாள் பொல்லோடு காவல் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. ஒரு கல் வந்து தோளில் பட்டது. இன்னொன்று தலைக்கவசத்தில் மோதி உள்ளெல்லாம் ஒலித்தது. அவள் தூணை நோக்கியே நடந்தாள். கட்டுண்டிருந்த மாயாண்டி அவளைப் பார்த்துவிட்டு, அதுவரை அடிக்குக்கூடக் கத்தாதவன், பயத்தில் ஓலமிட்டான்.

சிவசாமி மட்டும் நகரவில்லை. கத்தியை ஓங்கிக்கொண்டு அவளிடம் வந்தான். அவள் நின்று தாடைக்குக் கீழே கொக்கியைத் தேடினாள். கையுறை விரல் வழுக்கியது. மறுபடி தேடினாள், மறுபடியும் வழுக்கியது. அவன் வாயிலிருந்து வந்த வெற்றிலை வாசம் அடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டான். சாகப்போகிறோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தெரிந்தபோது ஆச்சரியமாக, நியாயம்தானே என்றும் தோன்றியது. ஒரு கையுறையை உருவி எறிந்தாள். வெறும் விரலுக்குக் கொக்கி கிடைத்தது. தலைக்கவசமும் கழுத்துத் துணியும் ஒன்றாகக் கழன்றன.

ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. சிவசாமி அவள் முகத்தையும், நெஞ்சிலிருந்த கூனையும், மறுபடி முகத்தையும் பார்த்தான். கை மெல்ல இறங்கியது. போய்த் தூணிலிருந்த கயிற்றை அந்தக் கத்தியாலேயே அறுத்துவிட்டான். மாயாண்டி அப்படியே தண்ணீரில் உட்கார்ந்தான். அவனுக்கு யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜெயந்தினி திரும்பினாள். லயத்து வாசலில், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகக் கதிரையில் உட்காரவைத்தபடி பூரணி இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஜெயந்தினி ஒரு எட்டு வைத்ததும், கதிரையின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றை மறைத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற காளியாயிதான் பேசினாள்.

"வெள்ளச் சேலையோட வந்து எம் மருமக தலைய மடியில வச்சுக்கிட்டீங்களே."

ஜெயந்தினி கறுப்பு உடுப்பைக் கழற்றிச் சேற்றில் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே கதிரைக்குப் பின்னால் நடந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை, வரச் சொல்லவும் இல்லை. சரிவில் கால் தடுமாறியபோது எப்போதும் நீளுகிற கை ஒன்றுகூட நீளவில்லை.

லொறியில் பூரணியைப் படங்குச் சீலைமேல் கிடத்தி, தலைமாட்டில் காளியாயி உட்கார்ந்தாள். ஜெயந்தினி ஏறியதும் பூரணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவங்க வேணாம் அத்தை என்றாள். சிவசாமி ஜெயந்தினியைப் பார்த்தான். இறங்கச் சொன்னால் இறங்க வேண்டியதுதான். ஆனால் வழியில் ஏதாவது ஆனால் பார்க்க வேறு ஆள் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவன் முன்னால் போய் ஏறிக்கொண்டான்.

ஜெயந்தினி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"என் மொகத்தப் பாக்க வேணாம்மா. கண்ண மூடிக்க. கைய மட்டும் வைக்கிறேன்."

பூரணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பாதி வழியில் ஜெயந்தினி பலகையைத் தட்டி லொறியை நிறுத்தச் சொல்லி, எஞ்சினையும் அணைக்கச் சொல்லி, குழலை வைத்துக் கேட்டாள். தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இருந்தது. மெதுவாக, தூரத்தில், ஆனால் இருந்தது. அவளுக்கே மூச்சு வந்தது. போகலாம் என்று தட்டினாள். லொறி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"கேக்குதா?" என்றாள் பூரணி. கண்ணைத் திறக்காமல், யாரிடம் என்றில்லாமல் கேட்டாள்.

"கேக்குதும்மா. நல்லாக் கேக்குது."

பூரணி கையை மேலே நீட்டி மாமியாரின் முழங்கையைப் பிடித்தாள்.

"அத்தை, நீங்க கேட்டுப் பாருங்க."

காளியாயி ஜெயந்தினியின் கையிலிருந்து குழலை வாங்கினாள். இன்னொரு தரம் நிறுத்தச் சொல்லலாம். ஆனால் நிறுத்தினாலும் பழகாத காதுக்கு அது பிடிபடாது, நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் பிள்ளைக்கு நஷ்டம் என்று ஜெயந்தினிக்குத் தெரியும். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். காளியாயி குனிந்து, குழலின் வாயில் காதை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

"லொறிச் சத்தந்தாண்டி கேக்குது" என்றாள்.